நூற்று எண்பத்தாறு குரல்களுக்கு ஒரே பெயர்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். போனில் அனுப்பினால் ஒரு வரியில் பதில் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். படித்து முடிக்கும்வரை வேறு வேலை பார்க்காதே.

அப்பாவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. புண் ஆறிவிட்டது. கழுத்தில் வைத்த துளை வழியாக மூச்சு விடப் பழகிவிட்டார். நான் மசித்துக் கொடுப்பதை முகம் சுளித்துக்கொண்டே சாப்பிடுகிறார். பேச்சு மட்டும் போனது போனதுதான். சின்ன வெள்ளைப் பலகை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு மார்க்கரால் எழுதிக் காட்டுகிறார். வாய் போனாலும் அதிகாரம் போகவில்லை. முந்தாநாள் "டீல சர்க்கரை போட்டியா, வேண்டிக்கிட்டியா?" என்று எழுதி, நான் கவனிக்கவில்லை என்றதும் பலகையை மேஜையில் ஓங்கித் தட்டினார்.

இப்போது என் ஆபீஸ் விஷயம். நான் பெரிய தப்பு ஒன்று செய்துவிட்டேன். யாரிடமும் மனம் விட்டுச் சொல்ல முடியவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

நான் ஆஸ்பத்திரியில் குரல் பிரிவில் இருக்கிறேன் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். அங்கே என்ன செய்கிறோம் என்று நீ கேட்டதில்லை. தொண்டையை எடுக்கப்போகிறவர்களின் குரலை அதற்கு முன்பே பதிந்து வைப்பதுதான் எங்கள் வேலை. முதலில் எல்லோரும் ஒரே பத்தியைப் படிப்பார்கள். மழை வரப்போகிற ஒரு நாளைப் பற்றிய பத்தி அது. அந்தப் பகுதியை நாங்கள் கேட்கலாம், மாணவர்களும் கேட்கலாம். அதனால் அதில் யாரும் பெயர் சொல்லக் கூடாது. அதற்குப் பிறகு, பத்தாவது நிமிடம் மணி அடிக்கும்வரை, யாருக்கு என்ன சொல்ல நினைக்கிறார்களோ சொல்லலாம். அது உரியவருக்கு மட்டும். நாங்கள் கேட்கக் கூடாது.

ஒலியில் ஒரு இழைகூடக் குறையாமல் சேமிக்கும் வகைக் கோப்புகள் அவை. கோப்புக்குக் கருவியே ஏதோ ஒரு நீள எண்ணைப் பெயராக வைத்துவிடும். பேசியவர் பெயர், தேதி, உரியவர் பெயர் மூன்றும் கோப்புக்குள்ளேயே ஒரு சீட்டு மாதிரி ஒட்டியிருக்கும். சத்தத்தைத் தொடாமல் சீட்டை மட்டும் மாற்றலாம். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் ஒரு நொடி வேலை. அந்த எண்ணைத் தனியாக நோட்டில் எழுதி வைக்கலாமா என்று ஒருமுறை பேச்சு வந்தபோது, சீட்டே போதும், இரட்டை வேலை எதற்கு என்று வாதாடியவள் நான். என்னைக் கறார் அக்கா என்றுதான் அங்கே கூப்பிடுவார்கள். கறார் அக்கா சொன்னால் மறுபேச்சு இல்லை.

அப்பாவின் அறுவை சிகிச்சைக்கு மறுநாள் அவருடைய கோப்புக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தேன். யாரையாவது எழுதச் சொல்லியிருக்கலாம். என் அப்பா, நான்தான் எழுதுவேன் என்று ஒரு வீம்பு. கணினிக்குள் புதிதாக வந்த கோப்புகள் இருக்கும் அறையில் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். அங்கே அப்பாவுடையது மட்டும்தான் இருந்திருக்கும். அந்த நீள எண்ணைத் தட்டச் சோம்பல்பட்டு நட்சத்திரக் குறியைப் போட்டேன். இங்கே இருக்கிற எல்லாம் என்று அதற்கு அர்த்தம். பழைய சீட்டைக் கிழி, அப்பா பெயரை ஒட்டு என்று கட்டளை கொடுத்தேன். ஆனால் நான் நின்றது, அப்பாவுடையது உட்பட எல்லாருடைய கோப்பும் இருக்கும் பெரிய கிடங்கில்.

அந்தத் திரைக்கு ஒரு பழக்கம் உண்டு. சொன்னதைச் செய்து முடித்தால் வாயே திறக்காது. நிச்சயமா என்று ஒரு வார்த்தை கேட்காது. நானும் எழுந்து அப்பாவைப் பார்க்க வார்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் திறந்து பார்த்தால் நூற்று எண்பத்தாறு கோப்புக்கும் நம் அப்பா பெயர். தினமும் தானாக எடுக்கும் காப்பு நகலிலும் முந்தின மாலையே அந்தப் பிழை அப்படியே பதிந்துவிட்டிருந்தது.

தலைமை மருத்துவரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "ஒவ்வொருத்தரும் ஒருதடவைதான் பேச முடியும்மா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

நான்கு மாதத்துக்கு முந்தைய பழைய நகல் ஒன்று அலமாரியில் கிடைத்தது. அதிலிருந்து நூற்று நாற்பத்து மூன்று பேர் திரும்பி வந்தார்கள். மீதி நாற்பத்து மூன்றில் அப்பாவுடையது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு, பதிவு எவ்வளவு நேரம் ஓடியது என்று வரவேற்பில் எழுதி வைக்கும் நோட்டு கைகொடுத்தது. நிமிடத்தையும் நொடியையும் ஒத்துப் பார்த்து முப்பத்து மூன்று பேரைச் சேர்த்தேன். ஒன்பது பேர் நின்றுவிட்டார்கள். ஒன்பது பேருமே மணி அடிக்கும்வரை பேசியவர்கள். எல்லோருக்கும் ஒரே நீளம்.

இரண்டாம் பகுதியைக் கேட்டால் யார் என்று தெரிந்துவிடும், கேட்டுவிடு என்றார்கள் கூட வேலை செய்பவர்கள். நான் கேட்கவில்லை. பெயரைத் தொலைத்தது போதாதென்று ரகசியத்தையும் தொலைக்க வேண்டுமா?

அந்த ஒன்பதில் ஒருவர் பஸ் டிரைவர். அப்பாவுடன் அதே வாரம் அறுவை சிகிச்சைக்குப் போனவர், பிழைக்கவில்லை. அவர் மனைவி வெள்ளிக்கிழமை வந்து குரலை வாங்கிக்கொள்வதாகப் போன் செய்தார். வேறொருவர் குரலைத் தூக்கி அந்த அம்மா கையில் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்பதையும் அவருக்கே போட்டுக் காட்டி எது என்று கேட்கவும் மனம் வரவில்லை.

அப்பாதான் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தார். "என்ன முழிக்கிற?" என்று எழுதினார். சொன்னேன். "என்னைக் கூட்டிட்டுப் போ" என்று எழுதினார். பரிசோதனைகளுக்காக மூன்று வாரம் எங்கள் பிரிவுக்கு வெளியே உள்ள பெஞ்சில் அந்த ஒன்பது பேருடனும் காத்துக் கிடந்தவர் அவர். எனக்கு அது தோன்றவே இல்லை பார்.

மருத்துவரிடம் அனுமதி வாங்கி, வியாழக்கிழமை பதிவு அறையில் அவரை உட்காரவைத்துப் படிக்கும் பகுதியை மட்டும் ஒவ்வொன்றாகப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டு வரி ஓடுவதற்குள் எழுதிவிடுவார். "தையல்காரர்." "கணக்கு டீச்சர், மூக்கால பேசுவாங்க." டிரைவர் குரல் வந்ததும் கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கினார். "இவன்தான். ஃபேனுக்குச் சண்டை போட்டவன்." ஒன்பது பேரையும் சொல்லிவிட்டார். டிரைவர் தவிர மற்ற எட்டுப் பேர் வீட்டுக்கும் போன் செய்து, படித்த பகுதியில் ஒரு வரி போட்டுக் காட்டிச் சரிபார்த்தேன், ஒன்றுகூடத் தப்பாகவில்லை.

அந்த வரிசையில் அப்பாவுடைய கோப்பும் இருந்தது. நான் எடுத்து வைக்க மறந்திருந்தேன். அதுவும் ஓடிவிட்டது. அப்பா வெகுநேரம் கேட்டார். பிறகு எழுதினார்: "இது யாரு? ரொம்ப முறைப்பா படிக்கிறான்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கதான்ப்பா என்றேன். திரும்பப் போடச் சொன்னார். மூன்று முறை போட்டேன். மழையைப் பற்றிய பத்திதான், அதையே யாரையோ கண்டிப்பதுபோல்தான் படித்திருந்தார். கடைசியில் பலகையில் எழுதினார்: "அவன்கிட்டயும் இப்படித்தான் பேசினேனா?"

அவன் என்றது உன்னைத்தான். நீ அங்கே இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பாய். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். நான்கு வருஷத்துக்கு முன் போனில் அவர் உன்னிடம் கத்தியபோது நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். உன் குரலையே கேட்க வேண்டாம் என்றார், நீயும் வார்த்தை பிசகாமல் நடந்துகொண்டாய். இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். நடுவில் பேசி வைக்க அம்மாவும் இல்லை. நான் பேசியிருக்கலாம். யார் பக்கமும் சாய மாட்டேன் என்று கறாராக இருந்துவிட்டேன். என்மேலும் தப்பு உண்டு தம்பி.

வெள்ளிக்கிழமை டிரைவரின் மனைவி வந்தார். படிக்கும் பகுதியில் ஒரு வரி போட்டதுமே தலையசைத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அவருக்கான பகுதி எவ்வளவு நேரம் என்று கேட்டார். எட்டு நிமிடம் என்றேன். இங்கே கேட்க மாட்டேன், வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுக்கொள்கிறேன், தீர்ந்துவிடக் கூடாது என்றார். நம் அப்பா என்னோடு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா போகும்போது எழுந்து நின்றார்.

அன்றே அப்பாவின் ஸ்கேன் முடிவும் வந்தது. அடுத்த பரிசோதனைக்குத் தேதி கேட்டேன். மருத்துவர் தேதி எழுதவில்லை. "இனி இங்க அலைக்கழிக்க வேண்டாம்மா, அவருக்குப் பிடிச்சதைச் செஞ்சு குடுங்க" என்றார். அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

எல்லோருடைய சீட்டையும் ஒவ்வொன்றாக, நட்சத்திரம் போடாமல், முழு எண்ணையும் தட்டித் திருத்திவிட்டேன். கடைசியாக அப்பாவுடையது. உரியவர் என்ற இடம் காலியாக இருந்தது. யார் பெயர் போடட்டும்ப்பா என்று கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், என் பெயரைச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். இத்தனை வருஷம் கூடவே இருந்தவள் நான் இல்லையா? அவர் உன் பெயரை எழுதினார். ஒரு நிமிடம் வயிறு எரிந்தது, பிறகு சரியாகிவிட்டது. தட்டினேன். திரை வாய் திறக்கவில்லை. இந்த முறை ஒருதரத்துக்கு மூன்றுதரம் படித்துப் பார்த்துக்கொண்டேன், உன் பெயர்தான் இருக்கிறது.

உனக்காக எட்டு நிமிடம் பேசியிருக்கிறார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. தபாலிலோ போனிலோ அனுப்ப மாட்டேன். உரியவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்போம், அது எங்கள் விதி. விதி இல்லாவிட்டாலும் அனுப்பியிருக்க மாட்டேன். நீ வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். நீ என்ன வேண்டுமானாலும் அவரிடம் பேசலாம், கோபம் இருந்தால் அதையும் கொட்டலாம். எதிர்த்துப் பேச அவரால் முடியாது.

நீயும் உன் பிள்ளைகளும் குறையில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். இதுதான் அக்காவின் ஆசீர்வாதம். ஒன்று மட்டும் பாக்கி. உன் பெயருக்குக் கீழே அப்பா சின்ன எழுத்தில், "வருவானா?" என்று எழுதியிருந்தார். நான் பலகையைத் துடைக்கப் போனேன். துடைக்க விடவில்லை. இன்றைக்கும் அது அப்படியேதான் இருக்கிறது. டீ வேண்டுமென்றால்கூட அதன் ஓரத்தில் இருக்கிற இடத்தில்தான் எழுதுகிறார்.

அவருக்கு என்ன பதில் சொல்லட்டும், சொல்லடா.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
அக்கா