தெரு கேட்காத மேனேஜர்

சார், இன்று மத்தியானம் டிவியில் நம் படம் போட்டார்கள். குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு ஓடிவந்து உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் ‘சார்’தானா என்று கேலி செய்வீர்கள். தாலுகா ஆபீஸில் உங்களுக்கு அடுத்த மேஜையில் டைப்பிஸ்ட்டாக இருந்தவளுக்கு வேறு எப்படிக் கூப்பிட வரும்?

படத்தின் கதாநாயகியும் டைப்பிஸ்ட்தான். கிளார்க் தன்னைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே தப்புத் தப்பாக அடிப்பாள். தஞ்சாவூர் தியேட்டரே சிரிக்கும். நீங்கள் மட்டும், “அடிப்பாவி, யாரு குத்தகை போச்சோ!” என்று பதறுவீர்கள். ஊரெல்லாம் நிலத் தகராறு, அறுவடைக்குப் போலீஸ் காவல். குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏற்ற, நம் ஆபீஸ் வாசலில் குத்தகைதாரர்கள் விடிந்ததிலிருந்து காத்துக் கிடந்த காலம் அது.

எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத படம். அதில் கெட்டவரே கிடையாது. ஃபைலுக்குப் பின்னால் தூங்கி வழியும் மேனேஜர்தான் அவளுடைய அப்பா. விஷயம் தெரிந்ததும் அந்தக் கிளார்க்கை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவார். அவன் பயத்தில் போட்டதையெல்லாம் தின்றுவிட்டு எழுந்திருக்க முடியாமல் தவிப்பான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபோது உங்கள் கண் கலங்கியிருந்தது.

“சம்பளம் கேட்டாரு, ஊரு கேட்டாரு. எந்தத் தெருன்னு கேக்கல, பாத்தீங்களா? உங்க வீட்டுல ஒரு வேளை இப்படி உக்காந்து சாப்பிடணும்ங்க” என்றீர்கள்.

அப்பாவைப் பற்றி நான் பெருமையாகத்தான் சொல்லி வைத்திருந்தேன். நிலபுலன் இருந்தாலும் கட்சி மேடையில் சமத்துவம் முழங்குகிறவர். ஐயர் இல்லாமல் நடந்த எத்தனையோ கல்யாணங்களுக்குத் தலைமை தாங்கியவர். அந்தத் தைரியத்தில்தான் உங்களைத் திருக்காட்டுப்பள்ளிக்கு அழைத்துப் போனேன். வாசலிலேயே கேட்டார்: “தம்பிக்கு எந்தத் தெரு?” நம் பக்கத்தில் சாதியைத் தெரிந்துகொள்ள அந்த ஒரு கேள்வி போதும். நீங்கள் மறைக்காமல் சொன்னீர்கள். உள்ளே அம்மா இலை போட்டிருந்தாள்.

“வெயில் ஏறுறதுக்குள்ள பஸ்ஸைப் புடிங்க, தம்பி” என்றார் அப்பா. குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

நம் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. ஊரார் கல்யாணங்களுக்குத் தலைமை தாங்கப் போய்க்கொண்டுதான் இருந்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும், “இந்த வருஷமாவது கூப்புடுவாங்களா?” என்று கேட்பீர்கள். சூடு சொரணை இல்லையா என்று நான் சண்டை பிடிப்பேன். அப்பா போனார், அம்மா போனாள், வீடு என் தம்பி கைக்கு வந்தது. அவனும் கூப்பிடவில்லை.

உங்கள் காரியம் முடிந்த மறுவாரம் வந்தான். “அத்தான் போன பிறகு நீ ஏன்க்கா தனியா கெடக்குற? வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடு” என்றான்.

அத்தானாம்! நீங்கள் உயிரோடு இருந்தவரை அவன் வாயில் வராத சொல்.

“அவரு சாப்பிடாத வீட்டுல எனக்கு எதுக்குடா சோறு?” என்று அனுப்பிவிட்டேன்.

நீங்களாக இருந்தால், “பாவம், போய்ட்டு வாயேன்” என்றிருப்பீர்கள். எனக்கு அந்த மனசு இல்லை, சார். அந்த வீட்டில் ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்ற உங்கள் ஆசை இப்போது என்னிடம் இருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது என்றுதான் தெரியவில்லை.