தோளில் ஏறிய சைக்கிள்

மாப்ளே, இன்று காலை உன் புஞ்சைக்குப் போகும் வண்டிப்பாதையில் என் சைக்கிள் நின்றுவிட்டது. ராத்திரி நல்ல மழை. கரிசல் மண் சக்கரத்தைச் சுற்றி அப்பி, பிரேக் கட்டைக்குள் புகுந்து, இனி ஓரடி நகரமாட்டேன் என்றது. அந்த ஈரமண் வாசனையில் நீ பக்கத்தில் நின்று சிரிப்பது போலிருந்தது.

போன ஐப்பசியில் இதே பாதையில்தான் விழுந்தேன். நீ வழக்கம்போல உன் பழைய சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனாய். நான் புது கியர் சைக்கிள்காரன், இறங்குவேனா? "சைக்கிள் உன்னச் சுமக்கணுமா, நீ சைக்கிளச் சுமக்கணுமா?" என்று வருஷக்கணக்கில் உன்னைக் கேலி செய்த வாய் இது. "இங்கன மண்ணு சொல்லுததுதான் சட்டம்லே" என்று நீ சொல்லி முடிக்கும் முன் சக்கரம் இறுகிக்கொண்டது. தொடையெலும்பு முறிந்தது. அன்று என்னைத் தூக்கினாய். மறுநாள் வந்து என் சைக்கிளையும் தூக்கிப்போனாய்.

காலில் பிளேட் வைத்து வீட்டில் கிடந்தபோது, செல்போனில் வெளிநாட்டுச் சைக்கிள் பந்தயங்களாகப் பார்த்துத் தள்ளினேன். ஓட்ட முடியாதவனுக்கு அதில் ஓர் ஆறுதல், கொஞ்சம் பொறாமை. சாயங்காலம் நீ வருவாய். தார் ரோட்டுப் பந்தயம் என்றால் உடனே குறட்டைதான். "ரோடு போட்டுக் குடுத்தா நானுந்தான் ஓட்டுவேன்" என்பாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறொரு பந்தயம் வந்தது. சைக்ளோகிராஸ் என்று பெயர். பெல்ஜியம் பக்கம், குளிர்காலத்தில், மழைச் சேற்றுக்குள் ஓட்டவிடுகிறார்கள். முதலில் வந்தவன் மேடு வந்ததும் குதித்திறங்கி, சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினான். பின்னால் வந்த அத்தனை பேரும் அப்படியே. நீ கட்டிலைத் தட்டிய தட்டில் என் கால் அதிர்ந்தது. "பாத்தியாலே! சம்பளம் வாங்கி ஓட்டுதவனே தூக்குதான்! நீ பெரிய இவன், இறங்க மாட்டியோ?"

அதன் பிறகு ஒரு பந்தயத்தையும் நீ விடவில்லை. அவர்கள் பாஷை நம் இருவருக்கும் புரியாது, அதனால் வர்ணனையும் உன்னுடையதுதான். "இது என்ன மண்ணு, தட்டுனா உதுந்துரும். நம்ம கரிசலுக்கு வரச்சொல்லு இவன!"

கால் கூடினாலும் சைக்கிள் வேண்டாம், விற்றுவிடலாம் என்று வீட்டில் முடிவானது. எனக்கும் பயம், இனி ஏறவே மாட்டேன் என்றுதான் நினைத்தேன். வாங்க வந்தவரை நீ வாசலிலேயே நிறுத்தி, "அண்ணாச்சி, இது விக்கதுக்கு இல்ல, போயிட்டு வாங்க" என்று அனுப்பினாய். என் பக்கம் திரும்பி, "அடுத்த மழைக்கு நீ இத எம் புஞ்சைக்குத் தூக்கிட்டு வாரே. நான் வரப்புல நின்னு பாப்பேன்" என்றாய்.

சித்திரையில், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. பார்ப்பதாகச் சொன்னவன் இப்படியா செய்வது? உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

ஆனாலும் நீ சொன்ன மழை வந்ததும் சைக்கிளில் ஏறினேன்; மண் பிடித்ததும் இன்று இறங்கினேன். மண்ணைக் குச்சியால் வழித்துவிட்டு, அந்தப் பந்தயக்காரர்களைப் போலவே கம்பிக்குள் கையை விட்டுத் தோளில் ஏற்றினேன். காலை ஊன்றி ஊன்றி நடந்தேன். விழவில்லை. உளுந்துக்குள் நின்ற தண்ணீரை வரப்பை வெட்டி வெளியே விட்டுக்கொண்டிருந்த உன் வீட்டுக்காரி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி, இந்தக் காலோட எதுக்கு இதத் தூக்கிட்டு வாரீய?"

"இங்கன மண்ணு சொல்லுததுதான் சட்டம், தங்கச்சி."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அவிய சொல்லுத மாதிரியே இருக்கு" என்றாள். நீ நிற்பதாகச் சொன்ன வரப்பில் சைக்கிளை இறக்கி வைத்தேன்.

"கால் வலிக்குதா?" என்று கேட்டாள்.

கால் வலிக்கவில்லை. தோள்தான் வலித்தது. இதை எழுதும்போதும் வலிக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் வலிக்கட்டும், மாப்ளே.