ஓடிபி போன நம்பர்

வியாழக்கிழமை, இரவு.

அப்பா எங்கள் வீட்டிலிருந்த ஒரே போனை விற்றுக் குடித்துவிட்டார். அது தெரியாமல் இன்று அரிமளம் கம்ப்யூட்டர் சென்டரில் கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்திருந்தேன். நாளை கடைசி நாள். எல்லாம் டைப் அடித்து முடித்த சென்டர் அக்கா, "ஒங்கப்பா நம்பருக்கு ஓடிபி போயிருக்கு, கேட்டுச் சொல்லு பாப்பா" என்றார். அக்காவின் போனிலிருந்து கூப்பிட்டேன். சுவிட்ச் ஆப்.

குடிக்கக் கடை திறந்து வைப்பதும் அரசாங்கம்தான், குடிகாரர் நம்பருக்கு ஓடிபி அனுப்புவதும் அரசாங்கம்தான்.

வீட்டில் அப்பா போதையில் படுத்திருந்தார். "கலெக்டரம்மாவுக்குப் போன் கேக்குதோ? வித்தாச்சு, போ!"

"மெல்லப் பேசுடி, அடிச்சிருவாரு" என்று அம்மா என்னைத்தான் அடக்கினாள்.

"போன் போகட்டும். சிம்மக் கழட்டி வச்சீங்களா? அத மட்டும் குடுங்கப்பா."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சட்டைப்பையில் தேடிவிட்டேன், இல்லை.

சிம் எங்கே அப்பா?