மாமா வந்திருக்கிறார்

ஏங்க,

விடிவதற்குள் காலிங் பெல் அலறியதில் பால் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டேன். திறந்தால் உங்கள் அப்பா, ஒரே பையோடு! நாளை வருவார் என்றுதானே நேற்று நீங்கள் நைட் ஷிப்டுக்குக் கிளம்பும்போது அவ்வளவு சண்டை போட்டோம்?

நீங்கள் சொன்னது நியாயம்தான். சபை ஊழியம், சபை ஊழியம் என்று மாமா வாசலில் வந்து நின்றவருக்கெல்லாம் உங்கள் கட்டிலைக் கொடுத்தார். நீங்கள் ஜெப அறை பெஞ்சில் தூங்கி வளர்ந்தீர்கள். இன்றும் நம் மகள் உங்கள் தலையணையைத் தொட்டாலே உங்கள் முகம் சுருங்குகிறது. எனக்குத் தெரியாதா? ஆனாலும் கண் ஆபரேஷனுக்கு வந்தவரை நீங்கள் சொன்னபடி லாட்ஜுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

சாப்பாடு ஹாட்பாக்ஸில். மீதிச் சண்டையை நான் ஆபீஸிலிருந்து வந்ததும் வைத்துக்கொள்ளலாம்.

பி.கு.: ஹால் நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டார். பெல் அடிக்காமல் உங்கள் சாவியால் திறங்கள். அதற்காகத்தான் இதைக் கதவுக்கு வெளியே ஒட்டுகிறேன்.

இன்னொன்று. உங்கள் கட்டிலில் புது விரிப்புப் போட்டு, “படுங்க மாமா” என்று கெஞ்சிப் பார்த்தேன். அசையவில்லை.

“அவன் வரட்டும்மா. இந்தத் தடவையாவது அவனைக் கேட்டுட்டுப் படுக்கிறேன்.”