மடங்கிய விரல்

சுவைலிமின் வாப்பாவுக்கு,

உங்கள்மீது சாந்தி உண்டாகட்டும். வியாழக்கிழமை பீர்ஷேபா சந்தைக்கு நான் போகவில்லை. பையனை விட்டு நகர மனம் வரவில்லை.

அவனுக்குப் பேச்சு வந்துவிட்டது. உங்களைப் போலவே காது கேட்காது. நம் குலத்தில் எல்லாரும் பேசுவதுபோல் கையால்தான் பேசுகிறான். ஆனால் ‘ஆடு’ என்று சொல்ல நாங்கள் ஆட்காட்டி விரலை வளைக்கிறோம். அவனோ அதை மடக்கிக்கொண்டு நடுவிரலை வளைக்கிறான். எல்லாச் சொல்லும் அப்படித்தான்.

உங்கள் தங்கை ஹம்தா சிரித்தாள். “மதினி, ஒம் மவன் கையாலயே கொன்னிக் கொன்னிப் பேசுறான் பாரு!” பிறகு சட்டென்று அவனுடைய மடங்கிய விரலைப் பிடித்துப் பார்த்தாள். கல்லுடைக்கும் இயந்திரம் ஆட்காட்டி விரலைத் தின்ற பிறகு அப்படிப் பேசியவர் நீங்கள் ஒருவர்தான்.

குழந்தை, பார்த்த கையைத்தான் பேசும். உங்களை அடக்கம் செய்தபோது அவன் என் வயிற்றில் இருந்தான்.

“யாருடா சொல்லிக் குடுத்தா?” என்று கையால் கேட்டேன். நீங்கள் சாய்ந்து தேநீர் குடிக்கும் தூணைக் காட்டினான். அங்கே பார்த்தபடி, யாரோ பேசி முடிக்கும்வரை காத்திருந்து, தலையாட்டினான்.

அதற்கு நான் கோபப்படவில்லை. தூணடியில் தேநீர்கூட வைத்தேன். ஆனால் நேற்று “போலாம்” என்று புதிதாகச் சொல்லிவிட்டு நீங்கள் கிடக்கும் மையவாடிப் பக்கம் நடந்தான். அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்க யார் கேட்டார்கள் உங்களிடம்? நீங்களே மறக்கடியுங்கள்.

இதை உங்கள் தலைமாட்டுக் கல்லின் அடியில் வைக்கிறேன். தேடாதீர்கள், அவனை நான் அழைத்து வரவில்லை.

உங்கள் மகனின் உம்மா