கணக்குப் போட்டது அக்கா

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் தங்கையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று யோசிப்பாய். இருக்கிற இரண்டு அறையில் எங்கே நின்று பேசினாலும் சின்னவள் காதில் விழும், அவளை வைத்துக்கொண்டு இதைப் பேச எனக்குத் தெம்பில்லை. அதனால் சலவைக் கடையில் மதியம் கூட்டம் ஓய்ந்த பிறகு இஸ்திரி மேசை ஓரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் படம் எடுத்து அனுப்பிவிடுவேன், தபாலில் போட்டால் உன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் முந்திக்கொள்வார்கள். அப்பாவுக்கு முட்டி வலி கொஞ்சம் பரவாயில்லை. மேல் வீட்டுக் குழாய் மறுபடி ஒழுகி உன் அலமாரி நனைந்துவிட்டது, துணிகளை எடுத்துக் காயப்போட்டுவிட்டேன்.

சின்னவள் நுழைவுத் தேர்வில் கணக்குக்கு நூற்றெழுபதுக்கு நூற்றறுபத்தொன்பது வாங்கியதும் நாங்கள் தலைகால் புரியாமல் திரிந்ததும் உனக்குத் தெரிந்ததுதான். என்னைவிட மூணு ஜாஸ்தி என்று நீயே சிரித்தாய். எனக்கு உங்கள் படிப்பின் பெயரை இன்னும் ஒரே மூச்சில் சொல்ல வரவில்லை, குவான்டிடேட்டிவ் என்பதற்குள் வாய் வலித்து ஃபைனான்ஸை விட்டுவிடுகிறேன். ஆனால் கடைக்கு வருகிற ஒருவரையும் விடாமல் அந்த மதிப்பெண்ணைச் சொன்னேன். அதற்குப் பிறகு மூன்று இடங்களில் வேண்டாம் என்று வந்ததையும் அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள். ஒருவரும் காரணம் எழுதவில்லை. இவ்வளவு மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு என்னதான் வேண்டுமாம் இவர்களுக்கு என்று அப்பா சுவரைப் பார்த்துத் திட்டினார். மிச்சமிருந்தது உன்னுடைய துறை ஒன்றுதான், அவர்கள் நேர்காணலுக்குக் கூப்பிட்டதும் எங்களுக்குப் போன உயிர் வந்தது. அது எப்படி முடிந்தது என்பதை மட்டும் அவள் உன்னிடம் சொல்லவில்லை, நீ கேட்டால் நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிடுகிறாள். நான் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

போன வருஷம் நீ உன் விண்ணப்பக் கட்டுரையை அவளுக்கு அனுப்பி, வெச்சுக்கோ உதவும் என்று சொன்னாய் அல்லவா. எப்படி எழுதுவது என்று பார்த்துக்கொள்ளத்தான் நீ அனுப்பினாய். அவள் பல்கலைக்கழகத்தின் பெயரையும் வருஷத்தையும் மாற்றி, கடைசியில் தன் மதிப்பெண்ணைச் சேர்த்து, அப்படியே நான்கு இடத்துக்கும் அனுப்பியிருக்கிறாள். அவளைக் கள்ளி என்று நினைத்துவிடாதே. உன் பள்ளிக்கூடப் பை, உன் ஜியாமெட்ரி பாக்ஸ், முன்னால் பஞ்சு அடைத்த உன் ஷூ, எல்லாம் உனக்குப் பிறகு அவளுக்கு என்றுதான் இந்த வீட்டில் நடந்தது. அக்கா வெச்சுக்கோ என்றால் அது தன்னுடையது என்பதைத் தவிர அவளுக்கு வேறு அர்த்தம் தெரியாது. அந்த மதிப்பெண் ஒன்றுதான் அவளுக்கென்று புதிதாக வந்தது, அதற்கும் உன் சட்டையைப் போட்டு அனுப்பிவிட்டாள்.

வீடியோவில் நடந்த நேர்காணலுக்கு அறையைப் பெருக்கி, பின்னால் தெரிந்த துணி மூட்டைகளைத் தள்ளி வைத்து, நானும் அப்பாவும் சமையலறையில் மூச்சுக் காட்டாமல் நின்றோம். கணக்குக் கேள்விகளுக்கெல்லாம் டக்டக்கென்று சொன்னாள். பிறகு அந்தப் பேராசிரியர் கட்டுரையைப் பாராட்டத் தொடங்கினார். அப்பா வேலைக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்குவாரே, நீ பால்கனியில் நின்று எந்தப் பேருந்து எந்த நாளில் பிந்தும் என்று கவனித்துக் கணக்குப் போட்டு அவரை அனுப்புவாயே, அந்தக் கதைதான். அப்போது உனக்கு என்ன வயது என்று அவளிடம் ஆசையாகக் கேட்டிருக்கிறார். எழுத்தில் என்ன செய்தாளோ, வாயால் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. தான் அப்போது இரண்டாம் வகுப்பு, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி, கணக்குப் போட்டது அக்கா என்று சொல்லிவிட்டாள். அக்கா எங்கே என்றார். உங்கள் துறையில்தான் படிக்கிறாள் என்று அதையும் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அவர், அக்காவிடமும் எழுத்தில் விளக்கம் கேட்போம், விதி அப்படி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மற்ற மூன்று இடத்திலும் இதனால்தான் தள்ளினார்களோ என்னவோ, இனி யாரைக் கேட்பது. அப்பா தன் பேருந்துக் கதை இரண்டு தடவை கடல் தாண்டிப் போய்விட்டது என்று சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை, சாப்பிடாமலே வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அவளுக்கு இடம் கிடைக்காது, அது தெரிந்துவிட்டது. இப்போது என் கவலையெல்லாம் உன் படிப்புதான். நான்தான் கட்டுரையைக் கொடுத்தேன் என்று நீ சொன்னால் உன் மேலும் நடவடிக்கை எடுப்பார்களாம். அவள் இரண்டு நாளாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள், நேற்று எழுந்து வந்து என்னிடம் சொன்னாள், “அக்கா தனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு எழுதிடட்டும்மா. நான் திருடினதாவே இருந்துட்டுப் போறேன், அவளாவது படிச்சு முடிக்கட்டும்.” உன்னிடம் சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன். அப்படியே செய் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, செய்யாதே என்று எழுதவும் வரவில்லை. பெற்றவள் இதில் என்ன சொல்ல முடியும், நீயே சொல்.

வாடிக்கையாளர் வந்து நிற்கிறார், முடிக்கிறேன். கோபத்தில் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. நீ எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு கெடுதலும் வராமல் இருக்கட்டும், நல்லபடியாக இரு. ஒன்றே ஒன்று மறக்காதே, அவர்களுக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் தங்கையைக் கூப்பிடு. நீ என்ன எழுதப்போகிறாய் என்பதை அவள் உன் வாயால் கேட்க வேண்டும். அவள் எடுக்காவிட்டால் என் போனுக்கு அடி, நான் கொண்டுபோய் அவள் காதில் வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும்
அம்மா