பாதியில் நின்றவர்கள்

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் வகுப்பு தோற்றுவிட்டது என்று அறக்கட்டளை எழுதிவிட்டது. இது அநியாயம். இதை முதலில் எழுதிவைத்துவிட்டுத்தான் மற்றது.

டயர் கடை மாடியில், பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத பெரியவர்களுக்கு நான் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். அறை வாடகையும் புத்தகமும் அறக்கட்டளை கொடுக்கும் நிதியில் நடக்கின்றன. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இந்த வருடம் 'பாதியில் நின்றவர்கள்' ஆகிவிட்டார்களாம். ஆகவே ஜூன் மாதத்தோடு நிதி நிறுத்தப்படும்.

எதில் பாதி? லாரி டிரைவர் வந்தார், உரிமத் தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்றார், படித்தார், தேறினார், போனார். அவர் எந்தப் பாதியில் நின்றார்? 'முடித்தவர்' என்று அவர்கள் மெச்சுவது பின்பெஞ்சு ஐயாவை. தவறாமல் வருவார், சுவரில் சாய்ந்து தூங்குவார், போவார். மூன்று வருடமாக 'க'வைத் தாண்டவில்லை. அவர் எங்கள் வெற்றி. டிரைவர் எங்கள் தோல்வி.

கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மார்ச் 4, புதன்

கடிதத்தை மகளிடம் காட்டினேன். அலுவலக வேலையில் இருப்பவள். விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்து தருவதும் அவள்தான். சாப்பிட்டுக்கொண்டே படித்தாள்.

"இதுக்கு எதுக்கும்மா மல்லுக்கு நிக்கிற? போனவங்களை எல்லாம் முடிச்சவங்கன்னு மாத்திப் போடு. யார் வந்து பாக்கப் போறா?"

முடியாது என்றேன். டிரைவருக்குச் சாலைப் பலகை படிக்க வரும், ஒரு கடிதம் எழுத வராது. அவர் முடித்தவர் இல்லை. நின்றவரும் இல்லை. அப்படிப்பட்ட ஆளுக்கு அவர்களிடம் ஒரு பெயர் இல்லையென்றால் அதற்காக நான் பொய் சொல்ல வேண்டுமா?

"உன்னோட ஒரே ரோதனை" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 6, வெள்ளி

அறக்கட்டளை அதிகாரிக்கு போன் செய்தேன். சத்தம் போட வேண்டும் என்று நினைத்துத்தான் செய்தேன். அவர் மரியாதையாகப் பேசிவிட்டதால் சத்தம் போட இடம் கிடைக்கவில்லை. ஏப்ரல் முடிவதற்குள் மேல்முறையீடு செய்யலாமாம். அதில் தாக்கம், விளைவு, நீடித்த தன்மை எல்லாம் காட்ட வேண்டுமாம். தாக்கமும் விளைவும் ஒன்றில்லையா என்று கேட்டேன். இல்லை என்று விளக்கினார். விளக்கிய பிறகு இரண்டுமே புரியாமல் போயிற்று.

கடைசியில் ஒன்று கேட்டார். "அம்மா, போனவங்க ஏன் போனாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

மார்ச் 9, திங்கள்

தெரியாது. டிரைவரைத் தவிர ஒருவரையும் நான் கேட்டதில்லை.

மார்ச் 14, சனி

தேடிப் போய்க் கேட்பது என்று முடிவு செய்தேன். முதலில் தெரிந்த ஆளிடமே போனேன். டிரைவர் காய்கறிச் சந்தைக்குப் பின்னால் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். கால் தெரிந்தது.

வாரும் வெளியே என்றேன். வந்தார்.

"அம்மா, இங்க வச்சு போர்டு படிக்கச் சொல்லிடாதீங்க. பசங்க எல்லாம் பாக்கறாங்க."

தெருவில் எதிரே வருகிறவர்களை நிறுத்தி, கடைப் பலகையைப் படி பார்ப்போம் என்று நான் சொல்வது உண்டு. அதனால் சிலர் என்னைக் கண்டால் சந்து மாறிப் போகிறார்களாம். இது எனக்குப் புதுச் செய்தி. பலகை படிப்பதில் என்ன அவமானம்? நான் எழுத்துக் கற்றதே, சலவை வேலை பார்த்தபோது, மருத்துவமனைத் துணிகளில் தைத்திருந்த வார்டுப் பெயர்களைப் பார்த்துத்தான். படுக்கை விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படிப்பேன். சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள்.

ஆனால் அவர் போன காரணம் நான் சொன்னதுதான். வேண்டியது கிடைத்தது, போனார். என் பக்கம் ஒரு சாட்சி. நிமிர்ந்துதான் வீடு வந்தேன்.

மார்ச் 16, திங்கள்

இன்று மருத்துவமனைச் சலவை நிலையத்துக்குப் போனேன். நான் ஆயுசில் பாதியைக் கழித்த இடம். எங்கள் இஸ்திரிப் பெண் அங்கேதான் வேலை பார்க்கிறாள். தன் பெயரையும் மகள் பெயரையும் எழுதும் வரை வந்தவள், அப்புறம் வரவில்லை. ஆறு மணிச் சங்கு ஊதியதும் வாசலுக்கு வந்தாள். ஏன் பாதியில் நின்றாய் என்று கேட்டேன்.

"நான் எங்கக்கா நின்னேன்? வகுப்புதான் என்னை விட்டுட்டுப் போச்சு. அஞ்சு மணிக்கு வச்சா நான் எப்படி வர்றது?"

நின்ற இடத்திலேயே நின்றேன்.

போன வருடம் வரை வகுப்பு ஏழு மணிக்குத்தான் நடந்தது. அதிகாரி வந்து பார்ப்பதென்றால் அலுவலக நேரத்துக்குள் வர வேண்டும், ஐந்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார். மாற்றினேன். வேண்டும் என்பவர்கள் எப்படியாவது வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்தச் சங்கு எப்போது ஊதும் என்று எனக்குத் தெரியாதா? முப்பது வருடம் அதைக் கேட்டுத்தானே வீட்டுக்குப் போனேன்?

மார்ச் 17, செவ்வாய்

கேட்டது அவர். சரின்னு சொன்னது நான். அவர் கேட்காம இருந்திருந்தா நான் மாத்தியிருப்பேனா? மாட்டேன். அப்போ தப்பு யார் மேல? அவங்களே ஆளுங்களை வரவிடாம பண்ணிட்டு, அவங்களே ஏன் வரலன்னு கேக்கறாங்க. ஆனா இந்த ஒரு வருஷத்துல ஒரு நாளாவது நான் போய்க் கேட்டேனா? ஒண்ணும் புரியல. மண்டை காயுது.

மார்ச் 21, சனி

மற்றவர்களையும் பார்த்தாயிற்று. கொத்தனார் வேறு ஊருக்குப் போய்விட்டார். தையல்காரம்மாவுக்கு மூட்டுவலி, மாடிப்படி ஏற முடியாது. மீதிப் பேர் அத்தனை பேருக்கும் ஐந்து மணிதான். ஒருவர் கூட எங்களிடம் வந்து சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "மேல இருக்கறவங்க முடிவு பண்ணது, நாங்க என்னத்தச் சொல்றது" என்றார்கள்.

மேலே இருக்கிறவர்கள் என்று அவர்கள் சொன்னது என்னைத்தான். அது புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

மார்ச் 23, திங்கள்

மேல்முறையீட்டில் ஐந்து மணிச் சமாச்சாரத்தை எழுத வேண்டாம் என்கிறாள் மகள்.

"முடிவு பண்ணப் போறதே அவர்தான். அவரையே குத்தம் சொன்னா நிதி வந்த மாதிரிதான். டிரைவர் மாதிரி ஆளுங்களை மட்டும் எழுதும்மா."

அவள் சொல்வதில் புத்தி இருக்கிறது. வகுப்பு நிலைக்க வேண்டுமா, என் பேச்சு நிலைக்க வேண்டுமா? ஜூனில் அறை போனால் இஸ்திரிப் பெண்ணுக்கு ஏழு மணியும் இல்லை, ஐந்து மணியும் இல்லை.

ஆனால் அதை விட்டுவிட்டு எழுதினால், அவள் தானாக நின்றவள் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி.

மார்ச் 24, செவ்வாய்

எழுதச் சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்டீர்கள், நான் ஒப்புக்கொண்டேன், இருவரும் அவர்களைக் கேட்கவில்லை. மூன்றையும். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தட்டச்சு செய்தாள். ஆனால் இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தினாள்.

மார்ச் 30, திங்கள்

பதிலுக்குக் காத்திருக்கப் போவதில்லை. வகுப்பை ஏழு மணிக்கு மாற்றுகிறேன். டயர் கடைக்காரரிடம் மாடிச் சாவி கேட்டேன். எங்கள் வகுப்பு ஐந்துக்கு வந்த பிறகு அவரும் ஆறரைக்கே கடையைச் சாத்தப் பழகிவிட்டார்.

"சாவி தர்றேன். டயர் ஒண்ணு காணாம போனாலும் உங்க தலையிலதான் விடியும்."

"டயரை உருட்டிக்கிட்டு ஓடற வயசா எனக்கு?"

சாவி என் முந்தானையில் இருக்கிறது.

ஏப்ரல் 2, வியாழன்

முதல் ஏழு மணி வகுப்பு. இஸ்திரிப் பெண் வந்தாள், கூட வேலை பார்க்கும் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு. அறை முழுக்கக் கஞ்சி போட்ட துணி வாசனை. அவள் மகள் பெயரை எழுதச் சொன்னேன். ஒரு எழுத்து மறந்துவிட்டது. மேசையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் எழுதினாள்.

பின்பெஞ்சு ஐயா மட்டும் இனி வரமாட்டாராம். இப்போதெல்லாம் ஏழு மணிக்குத் தூக்கம் வந்துவிடுகிறது என்றார். அஞ்சு மணிக்கும் வந்ததே என்றேன். "அது வேற தூக்கம்" என்றார். அறக்கட்டளை கணக்கில் எங்களுக்கு இருந்த ஒரே வெற்றியும் போயிற்று.

ஏப்ரல் 10, வெள்ளி

அதிகாரி போன் செய்தார். மேல்முறையீட்டைப் படித்தாராம். கோபமா இல்லையா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. குழு மறுபடி யோசிக்க வேண்டுமென்றால் அவர் நேரில் வந்து பார்த்து எழுத வேண்டுமாம். தாராளமாக வாருங்கள், ஏழு மணிக்கு என்றேன்.

"அம்மா, அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு பஸ் கிடையாது."

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 13, திங்கள்

வியாழக்கிழமை வருகிறார். நிதி வருமா வராதா என்று யாருக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியாதாம். ஆக வேண்டியவை:

டிரைவர், அதிகாரியை அலுவலக வாசலில் லாரியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். வழியில் வரும் பலகைகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வர வேண்டும். வெட்கப்பட்டால் என்னிடம் பேச வேண்டாம்.

டயர் கடைக்காரர் படிக்கட்டு விளக்குக்கு பல்பு மாற்ற வேண்டும். கேட்டு மூன்று நாள் ஆகிறது.

மகள் கூட்டித் துடைக்க வருவதாகத் தானே சொன்னாள். வரட்டும். ஆனால் அதிகாரியிடம் என் சார்பாக மன்னிப்புக் கேட்கக் கூடாது.

சலவை நிலையத்து ஆட்கள் எப்போதும் போல வர வேண்டும். யாரும் புதுத் துணி உடுத்த வேண்டாம்.

நான், நேரத்தைப் பற்றி அவர்களே பேசும்போது குறுக்கே பேசாமல் இருக்க வேண்டும். கஷ்டம்தான்.

அதிகாரி பின்பெஞ்சில், ஐயா இருந்த இடத்தில் உட்கார வேண்டும். வகுப்பு முடியும் வரை உட்கார வேண்டும். பாதியில் எழுந்து போகக் கூடாது.